இலையை எந்தப் பக்கம் மடிப்பது?

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த சீன நண்பர் ஒருவரை ரேஸ் கோர்ஸ் சாலைக்கு மீன்தலைக் கறி சாப்பிட அழைத்துப் போயிருந்தோம். சாப்பிட்டு முடித்தவர் இலையைத் தொடாமல் என்னைப் பார்த்தார். “எந்தப் பக்கம் மடிக்கணும்? சாப்பாடு பிடிச்சிருந்தா நம்ம பக்கம், பிடிக்கலைன்னா எதிர்ப்பக்கம்னு படிச்சேன். தப்பா மடிச்சா சமையல்காரர் வருத்தப்படுவாரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேசையில் நான் ஒருத்தன்தான் தமிழன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

எனக்குத் தெரியவில்லை. அம்மா சொல்லித் தந்தது வேறு. கல்யாண வீட்டில் தன் பக்கம் மடிக்கணும், உறவு தொடரணும். கருமாதியில் எதிர்ப்பக்கம் மடிக்கணும், துக்கம் தொடரக்கூடாது. இதைத் தலைகீழாகச் சொல்பவர்களும் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் அதில் சமையலைப் பற்றிய தீர்ப்பு ஏதும் கிடையாது. சிங்கப்பூர், மலேசியா பக்கம் வந்த பிறகு யாரோ அதற்கு நட்சத்திர மதிப்பீடு மாதிரி ஓர் அர்த்தம் கொடுத்துவிட்டார்கள் போல.

வேடிக்கை என்னவென்றால், இலை எடுக்க வந்த அண்ணன் மடிப்பைக் கவனிக்கவே இல்லை. நண்பரின் மடிக்காத இலையைப் பார்த்து, “என்ன சார், கூட்டு அப்படியே இருக்கு?” என்று தமிழிலேயே கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். “முட்டைக்கோஸ் எனக்கு ஆகாது” என்றார் நண்பர். அண்ணன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். ஒரு விமர்சனமும் அதற்கான விசாரணையும் பத்து விநாடியில் முடிந்துவிட்டன.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். சாப்பிடுகிறவன் சொல்வதை ஓர் உணவகம் எப்படிக் கேட்டது, கேட்டுவிட்டு என்ன செய்தது? இதற்கு ஒரு சரித்திரம் இருக்கவேண்டுமே. தேட ஆரம்பித்தேன். இப்படித் தேட எனக்குச் சொந்தமாக ஒரு காரணமும் இருக்கிறது. அது நான் கைப்பேசியில் எழுதிய ஒரு வரி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எண்பதுகளில் சிராங்கூன் சாலையில் பரிமாறும் வேலை செய்த ஒரு பெரியவர் எங்கள் புளோக்கில் இருக்கிறார். கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் மடிப்பைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். “மடிப்ப எவன் பாத்தான் தம்பி? இலையில என்ன கெடக்குதுன்னுதான் பாப்போம். ஒரு இலையில பொரியல் கெடந்தா அந்தாளுக்குப் புடிக்கல. பத்து இலையில கெடந்தா மாஸ்டர் ஏதோ பண்ணிட்டாருன்னு அர்த்தம். உள்ள போய் சொல்லுவோம். திட்டுவாரு. திட்டிட்டு ஒரு கரண்டி எடுத்து ருசி பாப்பாரு.”

திட்டிவிட்டு ருசி பார்ப்பது என்ற அந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பல்கலைக்கழகத்தில் கட்டுப்பாட்டுப் பொறியியல் என்று ஒரு பாடம் எடுத்தேன். குளிர்சாதனப் பெட்டி அறையின் வெப்பத்தை அளந்து, அந்த அளவைத் திரும்பத் தனக்கே செலுத்தி, தன் வேகத்தைச் சரிசெய்துகொள்கிறதே, அந்தச் சங்கதிதான். திரும்பச் செலுத்தும் அந்த அளவுக்குத் தமிழில் பின்னூட்டம் என்று பெயர். தமிழ் வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில் பதிவுக்குக் கீழே வரும் கமெண்டுக்கும் அதே சொல்லைத்தான் வைத்தார்கள். ஊட்டுவது என்பது சோற்றோடு சேர்ந்த வினை என்று எனக்கு உறைக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அந்தப் பாடத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு விதி உண்டு. பின்னூட்டம் தாமதமாக வந்தாலோ, தவறான இடத்தில் போய்ச் சேர்ந்தாலோ இயந்திரம் நிலைகொள்ளாமல் ஆட ஆரம்பித்துவிடும். எச்சில் இலையில் தாமதம் இல்லை. அது நேராகச் சமையலறைக்கே போய்விடுகிறது.

தமிழ்நாட்டு உணவகங்களில் கல்லாவுக்கு மேலே சாமி படங்களோடு ஒரு பலகை தொங்குமே, நிறை இருந்தால் நண்பர்களிடம் சொல்லுங்கள், குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்று. வார்த்தை கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். லிட்டில் இந்தியாவிலும் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் அதை விளம்பரம் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் ஒப்பந்தம் மாதிரித் தெரிகிறது. குறை மேசையிலிருந்து கல்லா வரைக்கும் நடந்து போகவேண்டும், இருபது அடி தூரம். அதற்கு மேல் அது வெளியே போகாது. பதிலுக்கு முதலாளி அதைக் காது கொடுத்துக் கேட்பார். 1924-ல் தொடங்கிய ஆனந்த பவனும் 1947-லிருந்து நடக்கும் கோமளவிலாஸும் முதல் ஐம்பது வருடங்களுக்கு மேல் ஒரே ஒரு நட்சத்திரம்கூட இல்லாமல்தான் ஓடின.

கேட்டுவிட்டு என்ன செய்தார்கள் என்பதற்கு ஆகச் சிறந்த சாட்சி அன்று எங்கள் மேசையில் சட்டியோடு வந்து உட்கார்ந்திருந்த மீன்தலைதான்.

மீன்தலைக் கறி இந்தியாவிலிருந்து வந்த பண்டம் இல்லை என்று சொன்னால் ஊரிலிருந்து வரும் உறவினர்கள் நம்ப மறுக்கிறார்கள். நம் வீட்டுக் குழம்பில் தலை கிடக்கும், யாருக்குத் தலை என்று சண்டையும் நடக்கும். ஆனால் அதை நடுநாயகமாக வைத்துக் கடையில் விற்கலாம் என்று தோன்றியது இங்கேதான். கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் என்பவர் 1949-ல் சோஃபியா சாலையில் நடத்திய கடையில் அது தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. சீனர்களுக்கு மீன்தலை என்றால் உயிர். கன்னத்துச் சதை, கண், உதட்டோரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ருசி வைத்திருப்பவர்கள். கோமஸ் அதைக் கவனித்திருக்கிறார். தன் ஊர்க் கறிக்குள் அவர்களுடைய தலையைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

யாரும் அவரிடம் புகார் எழுதிக் கொடுத்திருக்க வாய்ப்பில்லை. கடைக்கு வருகிறவர் என்ன சாப்பிடுவார் என்று பார்த்து, அந்தப் பார்வைக்குப் பதிலாக ஒரு புதுப் பண்டத்தையே கொடுத்திருக்கிறார். அதற்கப்புறம் அது கைமாறி, சீனக் கடைகள் தங்கள் வழியில் செய்ய ஆரம்பித்தன. சிலர் அன்னாசி சேர்த்தார்கள், சிலர் புளியைக் கூட்டிக் காரத்தைக் குறைத்தார்கள். 1969-ல் தொடங்கிய முத்தூஸ் கறியும் 1974-ல் தொடங்கிய பனானா லீஃப் அபோலோவும் ரேஸ் கோர்ஸ் சாலையையே மீன்தலைக்குப் பேர்போன சாலையாக ஆக்கிவிட்டன. இன்றைக்கு அது சிங்கப்பூர் உணவு. மாமாக் கடையின் மீ கோரெங்கும் இப்படித்தான். சீனருடைய மஞ்சள் மீயை இந்திய முஸ்லிம் கடைக்காரர் தக்காளி, மிளகாய்ச் சாந்து போட்டு வறுத்துக் கொடுத்து, கடைசியில் அதை மலாய்ப் பெயரில் எல்லோரும் கேட்டு வாங்குகிறோம். நான் சரித்திர மாணவன் இல்லை. ஆனால் இந்தத் தீவில் நம் ஆட்கள் வாடிக்கையாளரைக் கவனித்ததன் பதிவேடு எங்கே என்று யாராவது கேட்டால் பட்டியல் அட்டையைத்தான் காட்டுவேன்.

இதை ரொம்ப இனிப்பாகச் சொல்கிறேனோ என்ற சந்தேகம் எழுதும்போதே வருகிறது. கல்லாவுக்கு இருபது அடி நடந்து போய்க் குறை சொல்வதற்கு, முதலில் உள்ளே உட்கார இடம் வேண்டுமே. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற கடையின் பெயர்ப்பலகையில் பிராமணாள் என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் அறிவித்தார். திராவிடர் கழகத்தினர் நாள் தவறாமல் போய் மறியல் செய்து கைதானார்கள், மாதக்கணக்கில். கைதானவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். கடைசியில் சொல் போனது. தமிழ் உணவகச் சரித்திரத்தில் கடைக்கு வெளியே நின்று சொல்லப்பட்ட ஆகப் பெரிய குறை அதுதான் என்று நினைக்கிறேன். ருசியைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. குறைகளை எங்களிடம் சொல்லுங்கள் என்ற பலகை அந்தக் குறைக்கு உதவியிருக்காது. குறையே பலகைதானே. வீதிக்கு வந்துதான் ஆகவேண்டும் என்ற குறைகளும் உண்டு. இணையத்தில் எழுதுவதை ஒரேயடியாகத் திட்ட எனக்கு வாய் வராததற்கு இது ஒரு காரணம்.

சிங்கப்பூரில் வீதிக்கு வருவதற்கு முன்பே அரசாங்கம் வந்துவிடும். 1987-ல் உணவுக்கடைகளுக்குக் குற்றப்புள்ளி முறை வந்தது. பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு புள்ளி சேர்ந்தால் உரிமம் தற்காலிகமாகப் பறிபோகும். 1997-ல் சுத்தத்துக்கு ஏ, பி, சி, டி என்று மதிப்பெண் அட்டை. 85 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தால் ஏ. 70 எடுத்தால் பி. 40-ல் டி. என் வயதுதான் அந்த அட்டைக்கும். பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணை நினைவுபடுத்தும் அந்த எழுத்தைக் கடைச் சுவரில் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்பா ஏ அட்டை மாட்டிய கடையைச் சந்தேகமாகப் பார்ப்பார். “இங்க சுத்தமா இருக்கும், சாப்பாடு சுமாரா இருக்கும்” என்பார். இந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆனால் சிரிக்க முடியாத நாட்களும் உண்டு. 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ஓர் இந்திய ரோஜாக் கடையில் சாப்பிட்ட 150-க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். இரண்டு பெண்கள் இறந்தார்கள். நான் அப்போது தொடக்கப்பள்ளி முடிக்கும் வயது. எங்கள் வீட்டில் ரோஜாக் என்ற சொல்லே கொஞ்ச காலம் இல்லாமல் போனது. சமைத்ததையும் சமைக்காததையும் ஒரே இடத்தில் புழங்கினால் என்ன ஆகும் என்று அந்த வருடம் ஊரே கற்றுக்கொண்டது. அந்த மாதிரிக் குறையை எந்த வாடிக்கையாளரும் இலையில் மிச்சம் வைத்துச் சொல்ல முடியாது. சுவையில் அது தெரியவே தெரியாது. அதற்குப் புள்ளி போட ஓர் அதிகாரி வரத்தான் வேண்டும்.

விமர்சகர்கள் வேறு வகை. எழுபதுகளில் வயலட் ஊன் பத்திரிகையில் உணவைப் பற்றி எழுத ஆரம்பித்தார். 1998-ல் கே. எஃப். சீத்தோவின் மகான்சூத்ரா கையேடு வந்தது. அதில் நட்சத்திரத்துக்குப் பதில் சாப்பிடும் குச்சி. கையால் பிசைந்து சாப்பிடும் பண்டத்துக்கும் குச்சியில்தான் மதிப்பெண். இதற்கெல்லாம் கடைகள் கொடுத்த பதில், நல்லபடியாக வந்ததை வெட்டி, லேமினேட் செய்து, சுவரில் மாட்டுவது. தேக்கா நிலையத்தில் எண்ணெய்ப் புகையேறிப் பழுப்பாகிப் போன அந்தத் துண்டுகளை இன்றும் பார்க்கலாம். 2016-ல் மிஷலின் கையேடு சிங்கப்பூருக்கு வந்தபோது உணவங்காடிக் கடைகள் இரண்டுக்கு நட்சத்திரம் கிடைத்தது உலகச் செய்தியானது. அதில் சோயா சாஸ் கோழி விற்ற கடை கிளைகள் திறந்து பெரிதாகி, 2021-ல் நட்சத்திரத்தை இழந்தது. அதைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் சிறிய கடைகளுக்குத் திரும்புகிறேன்.

2006-ல் ஹங்ரிகோவேர் தளம் தொடங்கியது. அதுவரை பத்திரிகையில் பத்துப்பேர் எழுதியதை இனி சாப்பிடுகிற எல்லோரும் எழுதலாம். 2012-ல் சிங்டெல் அதை வாங்கியது. 2021-ல் மூடிவிட்டார்கள். பெயரைக் கிராப் நிறுவனம் வாங்கிப் பிறகு வேறு வடிவத்தில் கொண்டுவந்தது. ஆனால் பதினைந்து ஆண்டுகளாக மக்கள் எழுதிய குறையும் நிறையும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன. எந்தக் கடையில் எந்த வருடம் சாம்பார் கெட்டது என்ற ஒரு பெரிய ஆவணம் அது. மூடும்போது யாரும் அழுததாகத் தெரியவில்லை. அதற்குள் நாம் எல்லோரும் கூகள் வரைபடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டோம்.

அதற்கு ஒரு வருடம் முன்புதான் இலையே இல்லாமல் போயிருந்தது. 2020 ஏப்ரல் 7-லிருந்து ஜூன் 18 வரை கடைகளில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. எல்லாம் பொட்டலம். மீன்தலைகூடப் பிளாஸ்டிக் டப்பாவில் போனது. என்ன மிச்சம் வைத்தார்கள் என்று பார்க்க வழியில்லை. கடைக்குத் திரும்பி வந்தது செயலியில் தெரியும் நட்சத்திர எண்ணிக்கை மட்டும். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது தோசை நமுத்துப்போயிருந்தால் அது மழையில் சைக்கிள் மிதித்தவரின் குற்றமா, மூடியை இறுக்கி மூடியவரின் குற்றமா, தோசையின் சுபாவமா என்று மூன்று நட்சத்திரம் எப்படிச் சொல்லும்?

கொவிட் முடிந்து ஒருநாள் எனக்குப் பழக்கமான ஒரு சின்னக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நான் கணினி வேலை பார்ப்பவன் என்று அந்த முதலாளி அண்ணனுக்குத் தெரியும். கைப்பேசியை நீட்டினார். “தம்பி, இத அழிக்க முடியுமா?” ஒற்றை நட்சத்திரம். காரம் தாங்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் அழிக்கலாம், இல்லாவிட்டால் விதிமீறல் என்று கூகளிடம் முறையிடலாம், நமக்கு வேறு வழி இல்லை என்று விளக்கினேன். கீழே தள்ளிப் பார்த்தேன். நாலு விமர்சனம் தள்ளி இன்னொருவர், காரமே இல்லை, சுற்றுலாப் பயணிகளுக்கான சமையல் என்று எழுதியிருந்தார். இரண்டுக்கும் கீழே கடையின் பதில் ஒன்றேதான்: உங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி, வருந்துகிறோம், மேம்படுத்திக்கொள்வோம். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள்தான் எழுதிப் போடுகிறாள். மூன்று மாதிரி வைத்திருக்கிறாளாம்.

“ஒருத்தர் காரம்ங்கறாரு, ஒருத்தர் காரமே இல்லங்கறாரு. நான் எத மேம்படுத்தறது? ரெண்டு பேருக்கும் சாரி சொல்லிடறோம்” என்றார் அண்ணன்.

கோமஸுக்குத் தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரிந்திருந்தது. இந்த அண்ணனுக்கு வருவதோ ஒரு சராசரி, 4.1. அதில் காரம் கேட்டவரும் காரம் தாங்காதவரும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு காணாமல் போய்விடுகிறார்கள். ஆனாலும் அவர் அந்தப் புள்ளிக்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மைக்கேல் லூக்கா என்ற ஹார்வர்ட் ஆய்வாளர் சியாட்டில் நகரத்து உணவகங்களின் வருமானக் கணக்கை யெல்ப் மதிப்பீடுகளோடு ஒப்பிட்டு 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 விழுக்காடு கூடுகிறது. கிளைகள் உள்ள பெரிய நிறுவனங்களுக்கு அப்படி ஒன்றும் ஆவதில்லை. தனிக் கடைகளுக்குத்தான் பாதிப்பு. பர்கர் கடை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், நட்சத்திரம் பார்த்து யாரும் போவதில்லை. சந்துக்குள் இருக்கும் கடைக்குத்தான் நட்சத்திரம் வேண்டும்.

பதில் எழுதினால் பலன் உண்டா? உண்டு. அதிலும் ஓர் ஆய்வு இருக்கிறது, 2017-ல் புரொசெர்பியோ, செர்வாஸ் என்ற இருவர் வெளியிட்டது. டெக்சஸ் மாநிலத்துத் தங்கும் விடுதிகளைப் பற்றியது. நிர்வாகம் பதில் எழுத ஆரம்பித்த பிறகு விமர்சனங்களின் எண்ணிக்கை 12 விழுக்காடும் மதிப்பீடு 0.12 நட்சத்திரமும் கூடியிருக்கின்றன. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அதற்கு அவர்கள் சொல்லும் காரணம். பதில் வரும் என்று தெரிந்ததும் சும்மா ஒரு வரியில் திட்டிவிட்டுப் போகிறவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். எதிர்மறை விமர்சனம் எண்ணிக்கையில் குறைகிறது, ஆனால் நீளம் கூடுகிறது. அதாவது சமையல் மாறாமலே புள்ளி ஏறும். பதில் போய்ச் சேரும் இடம் எழுதியவரோ சமையலறையோ இல்லை. அடுத்து அந்தப் பக்கத்தைப் படிக்கப்போகிற, இன்னும் சாப்பிடவே இல்லாத ஒருவருக்கு அது எழுதப்படுகிறது.

2017-ல் லண்டனில் ஊபா பட்லர் என்பவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிவு செய்து, நண்பர்களை விட்டு விமர்சனம் எழுதவைத்து, அந்த நகரத்தின் முதலிடத்துக்கே கொண்டுவந்து காட்டினார். சமையல் என்று ஒன்று இல்லாமலே. இங்கே அவ்வளவு தூரம் போகவேண்டாம். ரசீதோடு ஒரு கியூஆர் அட்டையை வைத்து, “சார், என் பேரப் போட்டு நல்லதா ரெண்டு வார்த்தை எழுதுங்க” என்று பரிமாறுகிறவர் கேட்பது இப்போது சகஜம். பெயர் வந்தால் அவருக்கு ஏதோ கொஞ்சம் கிடைக்கும் போல. நிறையில் பெயர் வந்தால் கிடைக்கும் என்றால் குறையில் பெயர் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போது தோன்றியிருக்கவேண்டும்.

இனி என் கதை. 2022-ல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. வேலை முடிய ஒன்பது மணி தாண்டிவிட்டது. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைக்குத் தோழியை அழைத்துப் போனேன். சாம்பார் ஆறிப்போயிருந்தது. சூடாகக் கேட்டேன். பரிமாறியவர் என் வயதுதான் இருப்பார், “இருக்கறதுதான் சார். வேணும்னா சாப்பிடுங்க” என்றார். தோழி முன்னால் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கல்லாவுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம், இருபது அடிகூட இல்லை. சொல்லவில்லை. வடகிழக்கு ரயில் பாதையில் வீடு வந்து சேர்வதற்குள் ஒற்றை நட்சத்திரம் போட்டு, அவர் சட்டையில் குத்தியிருந்த பெயரைக் குறிப்பிட்டு எழுதிவிட்டேன். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருதரம் எழுதியது போதும்.

மறுநாள் காலையிலேயே கடையின் பதில் வந்தது. ஆழ்ந்த வருத்தம். அவர் பெயரைச் சொல்லி, அவர்மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது, மீண்டும் வருகை தாருங்கள். அலுவலகத்தில் அதைக் காட்டிப் பெருமைப்பட்டேன். பார்த்தியா, எப்படி வேலை செய்யுது!

ஒரு மாதம் கழித்து அதே கடைக்குப் போனேன். அவர் இல்லை. வேறு நேர வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறையும் இல்லை. சாம்பார், சொல்லப்போனால், அன்றைக்கும் ஆறித்தான் இருந்தது. அதைச் சூடாக வைத்திருப்பது பரிமாறுகிறவரின் கையில் இல்லை, பின்னால் இருக்கும் அடுப்பின் கையில் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குமேல் அதைத் திரும்பப் பற்றவைக்கலாமா என்று தீர்மானிப்பவர் இன்னொருவர். இது எனக்குத் தெரியாததா? ஒரு கருவி பழுதானால் எந்தப் பாகத்தில் கோளாறு என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்த பாகத்தின்மேல் எழுதிவிட்டேன், பெயர் ஒட்டியிருந்த ஒரே பாகம் அதுதான்.

அவர் இந்தியாவிலிருந்து வந்தவரா மலேசியாவிலிருந்து வந்தவரா என்பதுகூட எனக்குத் தெரியாது. எங்கிருந்து வந்திருந்தாலும் வேலை அனுமதி முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. முதலாளி ரத்து செய்தால் பெரும்பாலும் ஊருக்குத்தான் திரும்பவேண்டும். வரும்போது ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் திரும்பாது. ஒருவேளை அவர் நல்ல வேலை கிடைத்துப் போயிருக்கலாம். கடை போட்ட பதில் வெறும் மாதிரி வாசகமாக இருந்து, உண்மையில் யாரும் அவரை ஒன்றும் சொல்லாமலே இருந்திருக்கலாம். இந்த இரண்டையும் நம்பத்தான் எனக்கு ஆசை.

போன மாதம், அந்தப் பெரியவரோடு பேசிய பிறகு, கடைக்குப் போய்க் கல்லாவில் கேட்டேன். பெயரைச் சொன்னேன். கல்லாவில் இருந்த அக்காவுக்குத் தெரியவில்லை. “நான் வந்தே எட்டு மாசந்தான் தம்பி. இங்க ஆளுங்க மாறிக்கிட்டே இருப்பாங்க. என்ன வேணும், சொந்தக்காரரா?” என்றார். இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு வடை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து என் விமர்சனத்தைத் திறந்தேன். பயனுள்ளது என்று பதினான்கு பேர் அழுத்தியிருந்தார்கள். முதலில் பெயரை மட்டும் நீக்கித் திருத்தினேன். சேமித்துவிட்டுப் பார்த்தால் கீழே கடையின் பதிலில் அவர் பெயர் அப்படியே இருந்தது. அது கடையின் சொத்து, நான் தொட முடியாது. என் வரியை அடியோடு அழித்தால் மட்டுமே அதுவும் போகும். இப்போது வேறொரு தயக்கம் வந்தது. அழித்தால் நான் செய்ததற்கும் சாட்சி இல்லாமல் போய்விடுமே. தப்பை மறைக்கிறேனா, சரிசெய்கிறேனா? கொஞ்ச நேரம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வடையைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் அழித்தேன். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். கடையின் மதிப்பீடு 4.2-ஆக இருந்தது. அழிப்பதற்கு முன்னாலும் அது 4.2-தான்.